சமதரையிலும் உருளும் வண்டி

வட சென்னையில் மேடு எங்கே இருக்கிறது? ராயபுரத்தில் தொடங்கி காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் கடலை ஒட்டியே படுத்துக் கிடக்கும் தரை இது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடலாம் என்று தண்ணீரே யோசிக்கும். மழை வந்தால் வடியாததற்கு அதுதான் காரணம். இங்கே கார் வைத்திருப்பவர்கள் பலர் ஹேண்ட் பிரேக்கைத் தொடாததற்கும் அதுவேதான் காரணம். "கியர்ல போட்டு நிறுத்துனா போதும் சார், இது இன்னா ஊட்டியா?" என்பார்கள். பல வருஷம் நானும் அப்படிச் சொன்னவன்தான்.

எங்கள் தெருவில் மழைநீர்க் கால்வாய் போட்டபோது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சிமெண்ட் சரிவு ஒன்று முளைத்தது. ஒரு முழ உயரம்கூட இருக்காது. ஒரு காலையில் அவசரமாக இறங்கிய நான் கியர் போட மறந்துவிட்டேன். ஹேண்ட் பிரேக்கை மட்டும் இழுத்திருந்தேன். கேட்டைத் திறக்கப் போனவன் திரும்பிப் பார்த்தால், யாரோ கூப்பிட்டதுபோல வண்டி பின்னால் போய்க்கொண்டிருந்தது. எதிரே நின்ற இட்லிக் கடைத் தள்ளுவண்டியின் மீது முட்டி நின்றது. நல்லவேளை, வியாபாரம் முடிந்து அடுப்பு அணைந்திருந்தது. அக்கா பாத்திரம் கழுவக் குழாயடிக்குப் போயிருந்தார். திரும்பி வந்தவர் கேட்டது ஒரே கேள்விதான்: "இன்னா தம்பி, வண்டி தானா போவுது?"

அந்த வண்டியின் ஹேண்ட் பிரேக்கை ஒரு வாரத்துக்கு முன்னால்தான் ஒரு ஷெட்டில் சரிபார்த்து வாங்கியிருந்தேன். "நல்லா டைட் பண்ணியாச்சு" என்றார்கள். டைட் பண்ணியது உண்மைதான், ஆனால் கோளாறு இருந்த இடம் வேறு.

சாதாரண காரில் நடப்பது இது. நீங்கள் லிவரை இழுத்தால் இருக்கைகளுக்கு அடியில் ஓடும் எஃகுக் கேபிள் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் அந்த இழுப்பைக் கொண்டுபோகும். சக்கரத்தின் டிரம்முக்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள். அவற்றின் முதுகில் ஒட்டியிருக்கும் லைனிங் டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும். இதில் பிரேக் ஆயிலுக்கு வேலை இல்லை, எல்லாமே கம்பியின் இழுப்பு. கால் பிரேக் முழுவதும் செத்தாலும் இது தனியாக நிற்க வேண்டும். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 96-ஆவது விதி, காருக்குக் கால் பிரேக்கும் பார்க்கிங் பிரேக்கும் ஒன்றையொன்று சாராத இரண்டு ஏற்பாடுகளாக இருக்க வேண்டும் என்று சொல்வதும் அதனால்தான். அது எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதற்கும் அளவு உண்டு. முழுச் சுமை ஏற்றிய காரை, நூறு அடிக்கு இருபது அடி ஏறும் சரிவில் அசையாமல் நிறுத்த வேண்டும் என்கிறது ஐ.நா.வின் வாகன ஒழுங்குமுறை 13-எச். அதற்குக் கையால் இழுக்கும் விசை சுமார் 40 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. நம் வாசல் சிமெண்ட் சரிவெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குள் போக வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த வண்டிகளின் பார்க்கிங் பிரேக் நம் காருக்கு நேர் எதிர். உள்ளே இருக்கும் பலமான ஸ்பிரிங் எப்போதும் சக்கரத்தைப் பிடிக்கவே பார்க்கும். காற்றழுத்தம் இருந்தால்தான் அது விட்டுக்கொடுக்கும். குழாய் வெடித்துக் காற்று இறங்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். காரில் அப்படியில்லை. கேபிள் அறுந்தாலோ துருவில் இறுகினாலோ பிடி போய்விடும், அதுவும் சத்தமே இல்லாமல். லாரியில் பழுது வண்டியை நிறுத்தும், காரில் பழுது வண்டியை அவிழ்த்துவிடும். அவ்வளவு பலமான பிரேக் இருந்தும் கிளீனர் பையன் இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை வைக்கிறான். (கட்டையோ கல்லோ, கிளம்பும்போது எடுத்துவிட வேண்டும். சாலை நடுவே விட்டுப்போன கல் இரவில் ஒரு பைக்காரருக்கு எமன்.)

உப்புக்காற்றும் சும்மா கிடக்கும் கேபிளும்

மேடில்லாத ஊரில் ஹேண்ட் பிரேக் கெடுவது அதிகமாக இழுத்ததால் இல்லை, இழுக்காததால்தான். கேபிளின் உட்கம்பி பல இழைகளை முறுக்கியது. அதற்கு மேல் ஓர் உறை. உறையில் ஒரு கீறல் விழுந்தால் போதும், கடற்காற்றின் உப்பு ஈரம் உள்ளே இறங்கி உட்காரும். காசிமேட்டிலிருந்து போகும் மீன் லோடு வண்டிகள் ஐஸ் உருகிய உப்புத்தண்ணீரைச் சாலை முழுக்கச் சொட்டிக்கொண்டே போகும். அதன்மேல் ஓடும் நம் சக்கரம் அதை அள்ளி அடிவயிற்றில் பூசும். தினமும் இழுத்துத் தளர்த்தினால் கம்பி உறைக்குள் நகர்ந்துகொண்டாவது இருக்கும். மாதக்கணக்கில் அசையாத கம்பி, துருவோடு உறையில் ஒட்டிக்கொள்ளும். என் வண்டியில் இடதுபக்கக் கேபிளுக்கு நடந்தது இதுதான்.

பெரிய கம்பெனிக்காரர்களையும் துரு விடவில்லை. 2017-இல் மாஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 2,28,000 கார்களைத் திரும்ப அழைத்தது. பின்சக்கர பிரேக் காலிப்பருக்குள் தண்ணீர் புகுந்து உள்ளிருக்கும் தண்டு துருப்பிடித்து, பார்க்கிங் பிரேக் சரியாகப் பிடிக்காமல் போகலாம் என்பது காரணம். அதற்கு முந்தைய ஆண்டு டொயோட்டா உலகம் முழுவதும் சுமார் 3,40,000 பிரியஸ் கார்களை அழைத்தது, அங்கே சிக்கல் பார்க்கிங் பிரேக் கேபிள் கழன்றுகொள்வதில்.

நம் பக்கத்துக்கு இன்னொரு தனிச் சங்கடம் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளத்தோடு வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அதைத் தானாகவே வழக்காக எடுத்தது. வீட்டுச் சுவரில் எண்ணெய்க் கோடு எந்த உயரத்தில் இருந்தது என்று பலரும் பார்த்தார்கள். வாசலில் நின்ற வண்டியின் டிரம்முக்குள் என்ன போயிருக்கும் என்று பார்க்க யாருக்கு அப்போது நேரம் இருந்தது? எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் போடுவது சில ஷெட்களின் வழக்கம். மேலே காயும், சூடேறினால் உள்ளிருந்து மறுபடி கசியும். மாற்றுவதைத் தவிர அதற்கு வைத்தியம் இல்லை. சாதாரண மழைவெள்ளமாக இருந்தால், தண்ணீரைக் கடந்ததும் மெதுவாக ஓட்டிக்கொண்டே கால் பிரேக்கை லேசாக மிதித்து டிரம்மைக் காயவைத்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். ஈரத்தோடு ஹேண்ட் பிரேக் போட்டு நாலு நாள் விட்டால் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியது

முதல் பரிசோதனைக்குக் கருவியே வேண்டாம், காது போதும். லிவரை வழக்கமான பலத்தில் இழுக்கும்போது கேட்கும் 'டிக் டிக்' ஒலிகளை எண்ணுங்கள். எத்தனை வர வேண்டும் என்று வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். பல சின்ன கார்களில் அது ஐந்துக்கும் ஒன்பதுக்கும் நடுவே. லிவர் கூரையைப் பார்த்து நிமிர்ந்தால் லைனிங் தேய்ந்திருக்கலாம், கேபிள் தளர்ந்திருக்கலாம். இரண்டே டிக்கில் இறுகினால் யாரோ நட்டை அதிகமாக முறுக்கியிருக்கிறார்கள், அல்லது கேபிள் துருவில் இறுகியிருக்கிறது. எண்ணிக்கை சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் லைனிங்கில் எண்ணெய். அல்லது வீல் சிலிண்டர் கசிந்து பிரேக் ஆயில் ஊறியிருக்கும். பின்சக்கரத்தின் உட்புறம் ஈரமாகத் தெரிந்தால் அந்த வண்டியை ஷெட்டுக்குக்கூட ஓட்டிப் போகாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஓட்டிவிட்டு இறங்கும்போது ஒரு சக்கரம் மட்டும் அனலாக அடித்து, கருகல் வாடை வந்தால் பிரேக் முழுக்க விடுபடவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது ஜாக்கி வேலை. கெட்டியான சமதரை வேண்டும். நம் பக்கத்து மணல் தரையில் ஜாக்கி போடுவது தற்கொலைக்குச் சமம். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முன்சக்கர இயக்கமுள்ள காரை முதல் கியரில் போட்டு, பின்பக்கத்தைத் தூக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை இறக்கிவைத்துச் செய்யப்போகும் வேலை என்பதால் வண்டியைப் பிடிப்பது அந்தக் கட்டைகள்தான். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டக் கூடாது, ஸ்டாண்டு கொடுங்கள். இனி ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு டிக்காக இழுக்க, இன்னொருவர் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்கட்டும். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே டிக்கில் இறுகத் தொடங்க வேண்டும். ஒன்று இறுகி ஒன்று சும்மா சுற்றினால், சுற்றும் பக்கத்தில் கேபிளோ ஷூவோ கோளாறு. அதை நட்டு முறுக்கிச் சரிசெய்யவே முடியாது.

ஷெட்களில் சாதாரணமாக நடக்கும் தவறு இங்கேதான். லிவருக்குப் பின்னால் மூடியைக் கழற்றினால் கேபிளின் நட்டு தெரியும், பல வண்டிகளில் 10 எம்எம் ஸ்பேனர் போதும். கையெட்டும் தூரத்தில் இருப்பதால் எதற்கெடுத்தாலும் அதையே முறுக்குகிறார்கள். ஆனால் முறை அப்படியல்ல. முதலில் டிரம்முக்குள் ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளி சரியாக இருக்க வேண்டும். அதற்கென உள்ளே பல்வைத்த சின்னச் சக்கரம் ஒன்று உண்டு. பல வண்டிகளில் அது தானே சரிசெய்துகொள்ளும், சில மாடல்களில் கால் பிரேக்கை மிதிக்கும்போது, சிலவற்றில் ஹேண்ட் பிரேக்கை இழுக்கும்போது. கேபிளை முன்கூட்டியே இறுக்கிவிட்டால் ஷூவின் கை தன் பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்ப முடியாது. திரும்பாவிட்டால் அந்தத் தானியங்கி ஏற்பாடு வேலையே செய்யாது. லைனிங் தேயத் தேய இடைவெளி கூடும். லிவர் மட்டும் கைக்கு இறுக்கமாகத் தெரியும். எனக்குச் சொல்லப்பட்ட 'நல்லா டைட்' இந்த ரகம்தான்.

ஷூ சரியான பிறகும் டிக் எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் மட்டும் நட்டைத் தொடுங்கள். அரைச் சுற்று முறுக்கு, இரண்டு மூன்று தடவை இழுத்து விடு, மறுபடி எண்ணு. முடித்ததும் லிவரை முழுக்க இறக்கிப் பின்சக்கரங்களைச் சுற்றுங்கள். லேசாக உரசினால்கூட அதிகம் முறுக்கிவிட்டீர்கள், திருப்பித் தளர்த்துங்கள். வண்டியை இறக்கியபின் கடைசிச் சோதனை: காலியான சமதரையில் ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்து, முதல் கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். வண்டி நகராமல் இன்ஜின் திணறி அணைய வேண்டும். இதற்காக யாரும் மேம்பாலத்தில் ஏறிச் சரிவில் நிறுத்திப் பார்க்க வேண்டாம். பாலத்தில் நிறுத்துவதே குற்றம்.

டிரம்மைத் திறந்தால் தூசியை வாயாலோ காற்றுக்குழாயாலோ ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பட்டனை அழுத்தினால் பிடிக்கும் மின்னணு பார்க்கிங் பிரேக் வண்டிகளில் வீட்டு வைத்தியமே கூடாது. பின் காலிப்பரில் இருக்கும் மோட்டார் விரலை நசுக்கிவிடும். ஸ்கேனரை மாட்டி சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவந்துதான் அதைத் தொட வேண்டும். அறுந்துபோகும் நிலையில் இருக்கும் கேபிளுக்கு எண்ணெய் விட்டு நாளைக் கடத்துவதும் வேண்டாம். புதுப்பேட்டையில் பழைய கேபிள் மலிவாகக் கிடைக்கும். கண்ணாடி, கதவுக் கைப்பிடி என்றால் நானே அங்கே போவேன். பிரேக் கேபிளுக்குப் போகமாட்டேன்.

சட்டம் மேட்டையும் பள்ளத்தையும் பார்ப்பதில்லை

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-ஆம் பிரிவை அதிகம் பேர் படித்திருக்க மாட்டார்கள். பொது இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் போகிறவர் இன்ஜினை அணைத்து, பிரேக் போட்டு, அல்லது தன்னால் நகராதபடி வேறு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போக வேண்டும். இல்லையென்றால் லைசென்ஸ் உள்ள ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் இருக்க வேண்டும். சரிவு என்ற சொல்லே அதில் இல்லை. 190-ஆம் பிரிவு இன்னும் கூர்மையானது. தெரிந்த பழுதோடு, அல்லது சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் தெரிந்திருக்கும் பழுதோடு வண்டியைப் பொது இடத்துக்குக் கொண்டுவந்தாலே 1,500 ரூபாய் வரை அபராதம். அதனால் யாருக்காவது காயமோ சொத்துச் சேதமோ ஆனால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'எனக்குத் தெரியாதுங்க' என்பது எடுபடாமல் போகலாம், ஏனென்றால் டிக் எண்ணுவது சாதாரணக் கவனம்தான்.

நின்ற வண்டி உருண்டு வந்து இடித்தால் அது 'வாகன விபத்து' ஆகாது என்று சிலர் நினைக்கிறார்கள். ஓடாமல் நிற்கும் வாகனமும் 'பயன்பாட்டில்' இருப்பதாகவே கருதப்படலாம் என்று ஷிவாஜி தயானு பாட்டீல் வழக்கில் 1991-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே இடிபட்ட நடைபாதைக் கடைக்காரரோ, மீன் கூடைக்காரரோ, சைக்கிளில் போனவரோ, மூன்றாம் நபர் காப்பீட்டில் இழப்பீடு கேட்கலாம். ஓட்டுநர் உள்ளே இல்லையே என்பது உரிமையாளருக்குச் சாதகமல்ல. ஆளில்லாத வண்டி உருண்டதே அலட்சியத்துக்குச் சாட்சி என்று வாதாட இடமுண்டு. சென்னையில் இந்தக் கோரிக்கைகளை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் நீதிமன்றம் தீர்ப்பாயமாக இருந்து விசாரிக்கிறது. 2022 ஏப்ரல் முதல் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப்போட வேண்டும் என்று சட்டம் சொல்வதால் நாள் தள்ளாதீர்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமலே இந்த உதவி உண்டு.

வண்டிக்காரருக்கும் ஒரு எச்சரிக்கை. நம் தெருக்களில் உடனே கூட்டம் கூடி, 'போலீஸெல்லாம் எதுக்கு, பேசி முடிச்சுக்கலாம்' என்பார்கள். சின்னக் கீறலுக்குச் சரி. ஆள் அடிபட்டிருந்தால் முதலில் 108. 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்வதும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பதும் 134-ஆம் பிரிவின் கடமைகள். நிறுவனத்தைக் கேட்காமல் தெருவிலேயே பொறுப்பை ஒப்புக்கொண்டு தொகை பேசினால், பிறகு அதையே காட்டி அவர்கள் கைவிரிக்கலாம். தனியார் காரின் மூன்றாம் நபர் பாலிசி பொருட்சேதத்துக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை கொடுக்கும். தள்ளுவண்டிக்கு அது தாராளம். சொந்தச் சேதத்துக்குக் கேட்கும்போது மட்டும், வண்டியை நல்ல நிலையில் பராமரித்தீர்களா என்ற பாலிசி நிபந்தனை எதிரே வந்து நிற்கும். சர்வீஸ் பில்களைக் குப்பையில் போடாமல் வைத்திருப்பது அதற்காகத்தான்.

பில் என்றதும் நினைவு வருகிறது. ஷெட்டில் சரியாகச் செய்யாத வேலையும் சேவைக் குறைபாடுதான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஏசி போட்ட சர்வீஸ் சென்டருக்கும் புளியமரத்தடி மெக்கானிக்குக்கும் ஒன்றுதான். ரசீது தராத இடத்தில் பணத்தை ஜிபேயில் அனுப்புங்கள், 'ஹேண்ட் பிரேக் வேலைக்கு' என்று குறிப்பும் எழுதுங்கள். கழற்றிய பழைய கேபிளையும் ஷூவையும் கேட்டு வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். அதில் தீராவிட்டால், குறை ஏற்பட்ட இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. உங்கள் வீடு எங்கே இருக்கிறதோ அந்த ஆணையத்திலேயே கொடுக்கலாம். பழுது ஷெட்டுடையது இல்லை, கம்பெனி தயாரிப்பிலேயே வந்தது என்றால் வேறு வழி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 110-ஏ பிரிவின்படி குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்க அரசு உத்தரவிட முடியும். ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இந்த ஏற்பாடு 2021 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நம்மில் பலர் செய்யாத ஒன்று உண்டு: வண்டியின் சேசிஸ் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு, அது திரும்ப அழைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது. 2022 அக்டோபரில் மாருதி, பின்சக்கர பிரேக் அமைப்பில் ஒரு பின் உடையலாம் என்று வேகன் ஆர், செலேரியோ, இக்னிஸ் கார்களில் 9,925-ஐ அழைத்தது. அப்படி அழைத்தால் சரிசெய்ய நம்மிடம் காசு வாங்கமாட்டார்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வருபவர்கள், வண்டி சொந்தக் காம்பவுண்டுக்குள் நின்றால், ஹேண்ட் பிரேக்கை இறக்கி, கியரில் போட்டு, நாலு கட்டை கொடுத்துவிட்டுப் போகலாம். உப்புக்காற்றில் லைனிங் ஒட்டாமல் இருக்கும். தெருவில் நிறுத்துவதாக இருந்தால் பிரேக் போட்டே தீர வேண்டும். குழந்தைகளைக் காருக்குள் தனியாக விட்டுக் கடைக்குப் போகும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். லிவரின் பட்டனை அழுத்த நாலு வயதுக் கட்டைவிரல் போதும்.

என் வண்டிக்கு இரண்டு கேபிளும் ஒரு செட் ஷூவும் புதிதாகப் போட்டேன். தள்ளுவண்டியின் வளைந்த காலை வெல்டிங் வைத்துக் கொடுத்தேன். இப்போது நான் சரிவில் நிறுத்தி லிவரை இழுக்கும்போதெல்லாம் அக்கா தோசைக்கரண்டியோடு நிமிர்ந்து, உதடு அசைய டிக் எண்ணுகிறார். ஏழு வந்தால் தலையாட்டுவார். போன மாதம் ஒரு நாள் எட்டு கேட்டது. "தம்பி, ஒண்ணு ஜாஸ்தியா இருக்குது, பாரு" என்றார்.